சனிக்கிழமை நாலு மணி கோர்ஸ்

பெண்டாட்டியிடம் பொய் சொல்வதென்றால் ஒரே ஒரு பொய்தான் சொல்ல வேண்டும், அதையும் பெரியதாகச் சொல்லிவிட வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் முடிவு செய்தார். அதுவரை சில்லறைப் பொய்களாகச் சொல்லி அவர் அலுத்துப்போயிருந்தார். ஒரு சனிக்கிழமை கடைக்குச் சரக்கு வருகிறது என்பார். அடுத்த சனிக்கிழமை பல்வலி என்பார். கடைசியாக, நண்பரின் அப்பா காலமாகிவிட்டார் என்று சட்டையை மாட்டியபோது, "அவரை போன மாசமும் நீங்கதானே போயி அடக்கம் பண்ணிட்டு வந்தீங்க?" என்று மனைவி கேட்டாள். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து மூன்று மின்விசிறிகளைத் துடைத்தார்.

இத்தனையும் எதற்கு? கேரம் ஆட்டத்துக்கு.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அங்கே ஒரு பலகை, நாலு ஸ்டூல், எரிகிற பல்பு ஒன்று, எரியாத பல்பு ஒன்று. ஜெராக்ஸ்காரர், கட்டட மேஸ்திரி, ஓட்டல் சர்வர், நம்மவர் என்று நாலைந்து பேர் சனிக்கிழமை மதியம் கூடுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை எட்டு வாரம் போட்டி நடக்கும். கோப்பை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஜெயித்தவர் பெயரைச் சுவரில் எழுதுவார்கள். பதினோரு வருஷமாகச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார் நம்மவர். அரையிறுதியைத் தாண்டியதில்லை. இந்த வருஷம் கை நன்றாகப் படிந்திருந்தது. எட்டு சனிக்கிழமை, நாலிலிருந்து ஆறு மணி வரை கிடைத்தால் போதும். சுவரில் ஏறிவிடலாம்.

ஆனால் அந்த வீட்டில் கேரம் என்ற சொல்லையே உச்சரிக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், "ஒரே ஒரு ஆட்டம்" என்று போனவர் வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே போய்விட்டார். மனைவியும் மகளும் பூட்டிய கதவுக்கு முன்னால் கொட்டுகிற மழையில் இரண்டரை மணி நேரம் நின்றார்கள். அவர் வந்தபோது மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, "ஜெயிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தோற்றிருந்தார்.

ஆகவேதான் பெரிய பொய்.

"சனிக்கிழமை நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் நான் இருக்க மாட்டேன். எட்டு வாரத்துக்கு," என்றார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எங்க போறீங்க?"

"இங்கிலீஷ் கோர்ஸ்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எதுக்கு?"

"மருந்து டப்பாவுல எல்லாமே இங்கிலீஷ்லதான் போட்டிருக்கு. முழுசா புரியாமலே எடுத்துக் குடுத்துட்டிருக்கோமேன்னு மனசு அடிச்சுக்குது."

"பதினேழு வருஷமா அடிச்சுக்கலையா?"

"இப்பத்தான் அடிக்க ஆரம்பிச்சிருக்கு."

மனைவி ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள். பிறகு, "நல்ல விஷயந்தான். போயிட்டு வாங்க," என்றாள்.

இவ்வளவு சுலபமாகக் கதவு திறந்தால் யாருக்குமே கொஞ்சம் பயம் வரும். அவருக்கும் வந்தது.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் மனைவி.

"என்ன?"

"அங்க சொல்லித் தர்றத வீட்டுக்கு வந்ததும் எனக்கும் சொல்லித் தரணும்."

"அதுக்கென்ன, தாராளமா," என்றார் அவர். தன் வாயாலேயே குழி வெட்டிக்கொண்டதை அவர் அப்போது உணரவில்லை. சுவரில் தன் பெயரை எந்த மையில் எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

முதல் சனிக்கிழமை சர்வரை வெளுத்து வாங்கிவிட்டு, சீட்டியடித்தபடி வீட்டுக்கு வந்தார். கூடத்து மேசையில் இரண்டு புது நோட்டுகள். ஒன்றுக்கு முன்னால் மனைவி, இன்னொன்றுக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள். இரண்டு பென்சில்களும் சீவப்பட்டிருந்தன.

"இன்னிக்கு என்ன பாடம்?" என்றாள் மனைவி.

அவருக்குச் சீட்டி நின்றது. மண்டைக்குள் எங்கே தேடியும் ஸ்ட்ரைக்கரும் சிவப்புக் காயும்தான் உருண்டன. இங்கிலீஷ் என்று எதுவும் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது ஒரே ஒரு சொல். அது அவருக்குச் சோறு போடுகிற சொல். காய்ச்சல் விட்டதும் மாத்திரையைத் தூக்கிப்போடுகிற ஆட்களிடம் நாளுக்கு நாற்பது முறை அவர் சொல்வது. 'கோர்ஸை முடிக்கணும், பாதியில விடக்கூடாது.' அந்தத் தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே முழுக்கோர்ஸ்தான்.

"கோர்ஸ்," என்றார்.

"கோர்ஸ்ல கோர்ஸேதான் பாடமாப்பா?" என்றாள் மகள்.

"அடிப்படையிலேர்ந்து ஆரம்பிக்கிறாங்கம்மா. கோர்ஸுன்னா படிப்பு. எழுதிக்கோ."

எழுதினார்கள்.

"அப்புறம் மருந்து கோர்ஸ். அஞ்சு நாள், ஏழு நாள்னு சேர்ந்தாப்ல சாப்பிடறது."

அதையும் எழுதினார்கள். மனைவி பென்சிலை நிமிர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள். "வேற?"

"வேற அர்த்தமெல்லாம் அடுத்த வாரம்."

"ஒரே வார்த்தைக்கு இன்னும் அர்த்தம் இருக்கா?"

"ஏகப்பட்டது இருக்கு," என்று அடித்துவிட்டார். இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. "இங்க பாரு. மருந்துன்னா ஒரே நேரத்துல பத்து வகையக் குடுக்கக் கூடாது. ஒண்ண முழுசா குடுத்து, அது உடம்புல பிடிச்சுதான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. வார்த்தையும் அப்படித்தான். ஒரு வார்த்தைய எடுத்தா முழுசா முடிக்கணும்."

சொல்லச் சொல்ல அவருக்கே அது பெரிய தத்துவமாகத் தெரிந்தது. மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் காகித உறை ஒன்றை எடுத்து, 'அர்த்தத்துக்குப் பத்து வாக்கியம். காலையில், மாலையில். சாப்பாட்டுக்குப் பின். வாய்விட்டு' என்று எழுதி மனைவியிடம் நீட்டினார். உலகத்தில் எந்த வாத்தியாரும் அப்படி ஒரு பாடத்திட்டம் போட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை ஆட்டத்தில் கையே ஓடவில்லை. ஆறு மணி ஆக ஆகக் கண் கடிகாரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. குழிக்கு நேராக இருந்த காயைத் தவறவிட்டார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"கோர்ஸுன்னா படிப்பு, மருந்து தவிர வேற என்னய்யா அர்த்தம்?"

விஷயத்தைச் சொன்னார். சிரித்து முடிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "எங்க இன்ஜினியர் செங்கல் வரிசைய கோர்ஸுன்னுதான் சொல்லுவாரு. 'இன்னும் ரெண்டு கோர்ஸ் ஏத்துங்க மேஸ்திரி'ம்பாரு. இத்தன நாளா அவருக்குத் தமிழ் சரியா வரலைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"பெரிய ஓட்டல்ல சாப்பாடு மூணு கோர்ஸ்," என்றான் சர்வர். "முதல்ல சூப்பு. அது போனப்புறம் சோறு. அது போனப்புறம் இனிப்பு. ஒண்ணு போனாத்தான் அடுத்தது வரும்."

ஜெராக்ஸ்காரர் கீழே போய் ஒரு தடித்த அகராதியோடு வந்தார். "யாரோ காப்பி எடுக்க வந்துட்டு விட்டுட்டுப் போயிட்டாங்க. இதுல பாரு."

பார்த்தார்கள். குதிரைப் பந்தயம் நடக்கிற இடம். கப்பல் போகிற திசை. ஆறு ஓடுகிற தடம். ஒரு காரியம் போகிற போக்கு. மேஸ்திரி ஸ்டூலை அகராதிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு சொல்லுக்குள்ளே இத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப ஆத்துக்குள்ள கப்பல் போச்சுன்னா, கோர்ஸுல கோர்ஸ் போகுதுன்னு சொல்லலாமா?" என்றான் சர்வர். அதை அரைமணி நேரம் விவாதித்தார்கள். அன்றைக்குச் சிவப்புக் காய் குழிக்குப் பக்கத்திலேயே அனாதையாகக் கிடந்தது.

பாடம் நடந்தது. மனைவி அசராமல் பத்துப் பத்து வாக்கியமாகச் சொன்னாள். காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். ஆரம்பத்தில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தவள், மூன்றாம் வாரத்தில் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கப்பலைப் பற்றிய வாக்கியம் ஒன்றை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, "சரியான்னு பாருங்க. கப்பல் கோர்ஸ் மாறி எங்க போனாலும் கரையில இருக்கறவளுக்குத் தெரியும். இதான் அர்த்தம்," என்றாள்.

"சரிதான். ரொம்ப சரி," என்றார் அவர், தண்ணீர் குடித்துக்கொண்டே.

ஐந்தாவது வாரம். மனைவி குளிக்கப் போயிருந்தபோது மகள் நோட்டில் பூப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அம்மா இந்தத் தடவை பாஸ் ஆயிடுவாங்களாப்பா?"

"எதுல பாஸ்?"

"ஆஸ்பத்திரி இன்டர்வியூல. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. ஆறு வருஷமாகப் பின்கட்டில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்குகிறாள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முன்பக்க வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வேண்டும். போன வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் மனசுக்குள் இருந்தும் வாய் திறக்காமல் நின்றுவிட்டு வந்திருக்கிறாள்.

அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. தலைவலி என்று கடைக்கே வந்து நின்றாள். அவர் இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் நோயையெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்கிற மனுஷன். அவருக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதைவிட அது அதிக வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவர் நைசாக ஆரம்பித்தார். "இந்த வார்த்தை போதும்னு நினைக்கிறேன். வேற வார்த்தையும் கொஞ்சம் பாத்துடலாம். வணக்கம் சொல்றது, உக்காரச் சொல்றது."

"இன்னும் மூணு வாரம் இருக்கே?"

"இருந்தாலும்."

"இல்லங்க. முதல்ல இத முடிப்போம். பாதியில விடக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?"

அதற்குப் பிறகு அவர் சனிக்கிழமை மாடிக்குப் போனதும் முதல் ஒரு மணி நேரம் அகராதியைத்தான் விரித்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு நோட்டு வாங்கியிருந்தார்கள். 'ஆமாம், கண்டிப்பாக' என்பதற்கு ஆஃப் கோர்ஸ். 'உரிய நேரத்தில்' என்பதற்கு இன் டியூ கோர்ஸ். மிச்ச நேரத்தில் அவசர அவசரமாக ஆடினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படியும் ஜெயித்துக்கொண்டே வந்தார். அரையிறுதியில் ஜெராக்ஸ்காரரைத் தாண்டினார். இறுதி ஆட்டம் மேஸ்திரியோடு. எட்டாவது சனிக்கிழமை, நாலு மணி.

இன்டர்வியூவும் எட்டாவது சனிக்கிழமைதான். மூணரை மணி என்று மகள் சொல்லியிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒரு மீட்டிங். பாப்பாவ பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போறேன்," என்றாள் மனைவி, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு. நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையை மூன்றாவது முறையாக வாரிக்கொண்டிருந்தாள்.

அவர் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வேணாம். பாப்பா என்கூடவே இருக்கட்டும்."

"உங்களுக்கு இன்னிக்கு கிளாஸ் இருக்கே?"

"வாத்தியாருக்கு உடம்பு சரியில்லையாம்."

மனைவி கண்ணாடிக்குள்ளிருந்தே அவரை ஒரு கணம் பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு மேஸ்திரி ஃபோன் செய்தார். நாலேகாலுக்கு ஜெராக்ஸ்காரர் செய்தார். "அடுத்த வாரம் வச்சுக்கலாம்யா, கையெடுத்துக் கும்பிடறேன்," என்று வைத்துவிட்டு, மகள் கேட்ட கணக்குக்குப் பதிலாக மருந்தளவு சொல்லிக்கொண்டிருந்தார். வாசலுக்கும் கூடத்துக்குமாக அவர் நடந்த தூரத்துக்கு அடுத்த ஊரே வந்திருக்கும்.

ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்தாள்.

"கிடைச்சிருச்சுங்க. முன்பக்க மேசை. திங்கக்கிழமைலேர்ந்து."

மகள் கூடத்தைச் சுற்றி ஓடினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு இன்டர்வியூ, எந்த மேசை என்று தெரியாதவர்போல் நடிக்கவும் மறந்துவிட்டார்.

"என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"பெரிய டாக்டரம்மா இங்கிலீஷ்ல கேட்டாங்க. முன்னாடி உக்காந்து எல்லார்கிட்டயும் பேச முடியுமான்னு. ஆஃப் கோர்ஸ்னேன்."

"சரி."

"வலி போயிடுச்சு, அதனால சொட்டு மருந்த நிறுத்திட்டேன்னு ஒருத்தர் சொன்னா என்ன சொல்லுவீங்கன்னாங்க. கோர்ஸ முழுசா முடிங்கன்னு சொல்லுவேன்னேன். ஏன் முடிக்கணும்ங்கறதையும் சேத்து நாலு வாக்கியம்."

"சபாஷ்."

"டாக்டர் எப்ப கூப்பிடுவார்னு நோயாளி கோவமா கேட்டா?"

"இன் டியூ கோர்ஸ்," என்றார் அவர், தன்னை மறந்து.

"அதேதான் சொன்னேன். ஆனா அவ்ளோ கோவமா இருக்கறவங்ககிட்ட அது மட்டும் போதாது, ஒரு நாற்காலியும் போடணும்னு சேத்துச் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கிட்டாங்க. கடைசியா பக்கத்துல இருந்த இன்னொரு டாக்டர் சும்மா பேச்சுக்குக் கேட்டாரு, நம்ம புதுக் கட்டடம் எந்த அளவுல இருக்குன்னு. மேற்குச் சுவர் இன்னும் நாலு கோர்ஸ் ஏறணும்னேன். அவரு எந்திரிச்சே நின்னுட்டாரு."

"நெஜமாவே நாலு வரிசைதான் பாக்கியா?"

"உள்ள போறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா எண்ணிப் பாத்தேன்."

அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டு வாரம் முன்னால் இதே மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தவள்தானா? எப்படியோ, தன் பொய்யில் ஒரு நல்லது நடந்துவிட்டது. இனி அந்தப் பொய் கரையேறிவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டார்.

அடுத்த சனிக்கிழமை சலவைச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரே ஒரு ஆட்டம் பாக்கி.

"வாத்தியாருக்கு உடம்பு சரியாயிடுச்சாம். இன்னியோட கோர்ஸ் முடியுது," என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். மனைவியும் மகளும் ஏற்கெனவே வெளியே போயிருந்தார்கள். மேசை மேல் சாவி இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கீழே ஜெராக்ஸ்காரர் இயந்திரத்துக்கு முன்னால் நின்று தாள் தாளாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு.

"மேஸ்திரி வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சு. நீதான் பாக்கி."

"பலகைய நல்லா துடைச்சீங்களா?"

"நல்லா துடைச்சிருக்கு." ஜெராக்ஸ்காரர் தாள்களைத் தட்டிச் சமமாக்கினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத. நீ வீட்ல கோர்ஸுன்னு சொன்ன மறுநாளே தங்கச்சி இங்க வந்துச்சு."

"எந்தத் தங்கச்சி?"

"உன் பொண்டாட்டிதான்யா. 'அவரு இங்கதான் வருவாரு அண்ணே, வரட்டும், தடுக்காதீங்க. ஆனா வெறுங்கையோட வீட்டுக்கு வரக்கூடாது'ன்னு சொல்லி, அந்த அகராதியக் குடுத்துட்டுப் போச்சு."

மருந்துக்கடைக்காரர் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

"நேரா நெஜமான கிளாஸுக்கே போயிருக்கலாமே அவ?"

"நானும் அதத்தான் கேட்டேன். இங்கிலீஷ் தெரிஞ்சவங்க முன்னாடி தப்பா பேசக் கூச்சமா இருக்கு, வீட்டுக்காரருன்னா அந்தப் பயம் இல்ல, அவருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னுச்சு."

சரி, தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், இனி ஒளிவு மறைவு இல்லாமலே ஆடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார். கதவுக்கு வெளியே வழக்கத்தைவிட அதிகமான செருப்புகள் கிடந்தன.

உள்ளே எரியாத பல்பும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூல்களோடு நாலைந்து நாற்காலிகளும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மேஸ்திரி முன்வரிசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்வர் இரண்டு பென்சிலோடு வந்திருந்தான். ஆஸ்பத்திரி வேலை கிடைத்த கதை அவன் வாய் வழியாகப் பரவி, பக்கத்துக் கடை ஆட்களும் வந்திருந்தார்கள். கேரம் பலகை சுவரில், ஜெயித்தவர்கள் பெயர்களையெல்லாம் மறைத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் தொங்கியது. அந்த முதுகில் சாக்பீஸால் பெரிய எழுத்தில் ஒரு புது வார்த்தை எழுதியிருந்தது. மகள் ஆளுக்கொரு தாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபைனல்?" என்று கதவருகில் நின்று மேஸ்திரியைப் பார்த்து வாயசைத்தார். மேஸ்திரி பேசக்கூடாது என்று உதட்டில் விரலை வைத்தார்.

பலகைக்கு முன்னால் நின்றிருந்த மனைவி திரும்பினாள். கோபமில்லை. சிரிப்பும் இல்லை. கையிலிருந்த சாக்பீஸால் கடைசி வரிசைக் காலி ஸ்டூலைக் காட்டினாள்.

"உங்களுக்கு இன்னிக்குத்தானே முதல் நாள், பரவாயில்ல. பேரச் சொல்லிட்டு உள்ள வந்து உக்காருங்க."